ஆளுகைத் தாளுக்குத் தமிழில் விடை எழுதிப் பழகுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுகிறவர்களுக்காக இந்தப் பக்கம். நானும் தமிழில்தான் எழுதினேன். இப்போது சில ஆண்டுகளாக ஒரு வாசகசாலையில் படிக்கும் பிள்ளைகளின் பயிற்சித் தாள்களைத் திருத்தித் தருகிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை. எல்லாவற்றுக்கும் பொதுவான வாய்பாடு இங்கே கிடைக்காது.

ஆளுகை எந்தத் தாளில் வருகிறது? எத்தனை கேள்விகள்?

முதன்மைத் தேர்வில் பொது அறிவுத் தாள்கள் நான்கு. இந்த நான்கு தாள் முறை 2013 முதல் நடப்பில் இருக்கிறது. இரண்டாம் தாளில் அரசியலமைப்பு, ஆட்சிமுறை, ஆளுகை, சமூக நீதி, பன்னாட்டு உறவுகள் ஆகியவை வருகின்றன. மொத்தம் 250 மதிப்பெண், மூன்று மணி நேரம். 20 கேள்விகளில் பத்துக்குத் தலா 10 மதிப்பெண், 150 சொற்கள். மற்ற பத்துக்குத் தலா 15 மதிப்பெண், 250 சொற்கள். எதையும் விட்டுவிடும் உரிமை கிடையாது, எல்லாம் கட்டாயம்.

ஆளுகை என்று தலைப்பிட்டு வரும் கேள்விகள் சிலவே. ஆனால் உள்ளாட்சி, நலத்திட்டம், நீதிமன்றத் தாமதம், ஆணையங்கள் என்று எதைக் கேட்டாலும் அடியில் ஓடுவது இதுதான்: அரசு சொன்னதைச் செய்கிறதா, செய்யாவிட்டால் யார் பதில் சொல்வது? ஆகவே இதில் கை பழகியவருக்குத் தாளின் பாதி வசப்பட்டுவிடும்.

தமிழில் எழுதும்போதும் அதே 250 சொற்கள்தானா?

விதிப்படி அதே. நடைமுறையில் இல்லை. இதை யாரும் முதலில் சொல்லித் தருவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் ஐந்தாறு சொற்களில் சொல்வதைத் தமிழ் ஒரே சொல்லில் முடித்துவிடும். 'வெளிப்படைத்தன்மையின்மையால்' என்பது எண்ணிக்கையில் ஒன்று. எழுதிப் பார்த்தால் அரை வரி. ஆகவே ஆங்கிலத்தில் 250 சொற்களில் அடங்கும் கருத்து தமிழில் ஏறத்தாழ 170, 180 சொற்களில் அடங்கிவிடும். ஆனால் அந்த 180 சொற்களை எழுதக் கைக்கு ஆகும் நேரம் குறைவதில்லை. சிலருக்குக் கூடவும் செய்யும். சுழியும் கொம்பும் காலும் போட்டு எழுதும் மொழி நம்முடையது.

எனவே சொல்லை எண்ணாதீர்கள். விடைப் புத்தகத்திலேயே ஒவ்வொரு கேள்விக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது: 10 மதிப்பெண் கேள்விக்கு இரண்டு பக்கம், 15 மதிப்பெண் கேள்விக்கு மூன்று பக்கம். உங்கள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி வருகிறது, ஒரு வரி எழுத எத்தனை நொடி ஆகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்கெடுங்கள். 250 சொல்லை நிரப்ப வேண்டும் என்று சொன்னதையே திருப்பிச் சொல்லி மூன்றாம் பக்கத்தின் அடிவரை போய், கடைசி நான்கு கேள்விகளைத் தொடாமல் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

வினாத்தாள் தமிழில் இருக்குமா?

இருக்காது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். ஆகவே ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சிந்திக்கிற பழக்கம் வேண்டும். பயிற்சிக்குத் தமிழில் மொழிபெயர்த்த கேள்விகளை வைத்துக்கொண்டு எழுதுவது வசதியாக இருக்கும். தேர்வறையில் அந்த வசதி இல்லை. முந்தைய ஆண்டு வினாக்களை மூல ஆங்கிலத்திலேயே எடுத்துவைத்து எழுதிப் பழகுங்கள்.

ஏவல் சொற்களைப் பிரித்தறிவது முக்கியம். 'டிஸ்கஸ்' என்றால் பல பக்கங்களையும் எடுத்து விவாதிக்க வேண்டும். 'எலூசிடேட்' என்றால் எடுத்துக்காட்டோடு துலக்கிக் காட்டினால் போதும், எதிர்வாதம் தேவையில்லை. 'கிரிட்டிக்கலி எக்சாமின்' என்றால் குறை மட்டும் அடுக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, அந்தக் கூற்று எங்கே நிற்கிறது, எங்கே சறுக்குகிறது என்று இரண்டையும் பார்த்து ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

பாடத்தை முழுவதும் படித்து முடித்தபின் எழுதத் தொடங்கினால் போதாதா?

பாடம் முடியாது. எழுதத் தொடங்குங்கள்.

ஒரே தலைப்பைத்தானே மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள்? ஒரு விடையைத் தயார் செய்து வைத்துக்கொண்டால் என்ன?

குடிமக்கள் சாசனத்தை, அதாவது எந்தச் சேவையை எத்தனை நாளில் தருவோம் என்று துறையே எழுதித் தரும் வாக்குறுதியை, எடுத்துக்கொள்வோம். இந்த ஒரு தலைப்பு 2013, 2018, 2024 என்று மூன்று முறை இந்தத் தாளில் வந்திருக்கிறது. 2013-இல் கேட்டதன் சாரம்: பல அமைப்புகள் சாசனம் எழுதி வைத்திருந்தும் மக்களின் மனநிறைவும் சேவையின் தரமும் அதற்கேற்ப உயரவில்லை, ஆய்க. 2018-இல்: சாசனம் வெளிப்படைத்தன்மைக்கும் பொறுப்புடைமைக்கும் உகந்த கருவி, ஆனால் அதற்கென்று எல்லைகள் உண்டு, அவற்றை இனங்கண்டு, மேலும் பயன்பட வழி சொல்க. 2024-இல்: மக்களை மையமாகக் கொண்ட நிர்வாகத்தில் சாசனம் ஒரு மைல்கல், ஆயினும் முழுப் பயனை எட்டவில்லை, தடைக் காரணிகளையும் அவற்றைக் கடக்கும் வழிகளையும் கூறுக.

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான். நிறுத்திப் படித்தால் வேறு வேறு. முதலாவது ஒரு புதிரை முன்வைக்கிறது: தாளில் வாக்குறுதி இருக்கிறது, வரிசையில் நிற்பவருக்கு அது எட்டவில்லை, ஏன்? அங்கே தீர்வு கேட்கவே இல்லை. தீர்வுக்கு இரண்டு வரி போதும். இரண்டாவது, கருவியின் பிறவிக் குறையைக் கேட்கிறது. சாசனத்துக்குச் சட்ட வலு இல்லை. துறை தானே எழுதித் தானே அளந்துகொள்கிறது. மீறினால் விளைவு இல்லை. மூன்றாவது, கருவியைச் சுற்றியுள்ள தடைகளைக் கேட்கிறது: காலிப் பணியிடங்கள், கீழ்நிலை ஊழியரைக் கலக்காமல் எழுதுவது, மொழி, விளம்பரமின்மை. தடைக்கு ஒன்று என்று வழியும் கேட்கிறது.

தயார் செய்த விடையோடு போகிறவர் மூன்று கேள்விக்கும் ஒரே விடையை எழுதுவார். அது எதற்கும் முழு விடை ஆகாது. தயார் செய்ய வேண்டியது சரக்கை மட்டுமே. சாசனம் பற்றி உங்களிடம் பத்துச் செய்திகள் இருந்தால், இந்தக் கேள்விக்கு எந்த ஆறு, எந்த வரிசையில் என்று தேர்ந்தெடுப்பதுதான் பயிற்சி. இதே தலைப்புக்கு மூன்று கேள்விகளையும் அடுத்தடுத்த மூன்று நாளில் எழுதிப் பாருங்கள். மூன்று தாள்களிலும் முதல் பத்தி ஒன்றாக இருந்தால், கேள்வியைப் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரு விடை எப்படித் திருந்துகிறது என்று காட்ட முடியுமா?

2024 கேள்விக்கு ஒரு மாணவி எழுதிய தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருந்தது:

'பண்டைக் காலம் முதலே மக்கள் நலமே ஆட்சியின் நோக்கமாக இருந்து வந்துள்ளது. இன்றைய உலகமயச் சூழலில் நல்லாளுகை மிகவும் இன்றியமையாதது. குடிமக்கள் சாசனம் நல்லாளுகையின் முக்கியக் கருவிகளுள் ஒன்றாகும். எனினும் இதில் பல தடைகள் உள்ளன. மக்களிடம் விழிப்புணர்வு இல்லை. ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. அரசியல் உறுதிப்பாடு இல்லை.'

பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. அதுதான் சிக்கல். அவரிடம் ஒன்று செய்யச் சொன்னேன்: 'குடிமக்கள் சாசனம்' என்ற சொல்லை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'மின்னாளுகை' என்று எழுதுங்கள். பத்தி அப்படியே நின்றது. 'தகவல் அறியும் உரிமை' என்று எழுதினோம், அப்போதும் நின்றது. 'கூட்டுறவுச் சங்கம்' என்று எழுதியபோது அவரே சிரித்துவிட்டார். எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வாக்கியம் எந்தத் தலைப்புக்கும் விடையல்ல. திருத்தும்போது நான் முதலில் செய்வது இந்தச் சொல்மாற்றுச் சோதனையைத்தான். சிவப்பு மை அதற்குப் பிறகு.

இரண்டாம் முறை எழுதியதில் தொடக்கம் மாறியது:

'1997 மே மாதம் நடந்த முதலமைச்சர்கள் மாநாட்டின் செயல்திட்டத்தோடு குடிமக்கள் சாசனம் இந்திய நிர்வாகத்துக்குள் வந்தது. எந்தச் சேவை, எத்தனை நாளில், என்ன கட்டணத்தில், தவறினால் யாரிடம் முறையிடுவது என்று துறையே எழுதித் தரும் வாக்குறுதி அது. வாக்குறுதி தவறினால் துறைக்கு என்ன ஆகும் என்பதில் பெரும்பாலான சாசனங்கள் மௌனமாக இருக்கின்றன.'

கேள்வியில் உள்ள 'மைல்கல்', 'முழுப் பயன் இல்லை' என்ற இரண்டும் மூன்று வரியில் வந்துவிட்டன. ஆனால் தடைகள் இன்னும் மொட்டையாகவே இருந்தன. 'ஊழியர் பற்றாக்குறை' என்று எழுதியிருந்தார். எந்த ஊழியர், எந்த வேலை என்று கேட்டேன். அவருடைய வீட்டிலேயே ஒரு பட்டா மாறுதல் இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை இப்படி எழுதினார்:

'சாசனம் தலைமையகத்தில் எழுதப்படுகிறது. நிறைவேற்ற வேண்டியவர் வட்ட அலுவலகத்தில் இருக்கிறார். நிலத்தை உட்பிரிவு செய்து பட்டா மாற்ற வேண்டுமானால் நில அளவர் நேரில் வந்து அளக்க வேண்டும். அந்தப் பணியிடம் காலியாக இருக்கும் வட்டத்தில், சுவரில் எழுதிய நாள்கணக்குக்குப் பொருளில்லை. எனவே ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆள்பலத்துக்கேற்ற கால வரம்பைத் தானே முன்மொழிய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே அச்சு உதவாது என்பதை இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையமும் வலியுறுத்தியது.'

தடையும் தீர்வும் ஒரே பத்தியில், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. தடைகள் ஐந்து, பிறகு தீர்வுகள் ஐந்து என்று இரண்டு பட்டியல் போடுவதைவிட இது இடத்தையும் மிச்சப்படுத்துகிறது. அடுத்த பத்தியில் சட்ட வலு பற்றி வந்தார்: மத்தியப் பிரதேசம் 2010-இல் பொதுச் சேவை உறுதிச் சட்டம் இயற்றி, குறித்த நாளுக்குள் சேவை தராத அலுவலருக்குத் தண்டத்தொகை விதித்தது, இதே நோக்கில் மக்களவையில் 2011-இல் கொண்டுவரப்பட்ட மசோதா 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. இந்த இரண்டு செய்தியும் ஏற்கெனவே அவருடைய குறிப்பேட்டில் இருந்தவைதான். முதல் விடையில் அவற்றுக்கு இடம் இல்லாமல் போனதற்குக் காரணம் 'பண்டைக் காலம்'.

அப்படியானால் முன்னுரையே வேண்டாமா?

வேண்டும், இரண்டு மூன்று வரி. கேள்வியின் மையச் சொல்லை வரையறுத்தோ, ஒரு சட்டம், தீர்ப்பு, நிகழ்விலிருந்தோ தொடங்கலாம். குறளோடு தொடங்க வேண்டாம் என்று சொன்னால் சிலர் கோபப்படுகிறார்கள். இறைமாட்சி, செங்கோன்மை அதிகாரங்களின் குறள்களை விடைத்தாள் திருத்துபவர் அன்றைக்கே நாற்பது தாளில் பார்த்திருப்பார் என்பதற்காகத்தான் சொல்கிறேன். 150 சொல் விடையில் ஒன்றே முக்கால் அடிக்கும் அதன் பொழிப்புக்கும் இடம் கொடுத்தால் மிச்சம் என்ன இருக்கும்?

எடுத்துக்காட்டுகளுக்குத் தமிழ்நாடு மட்டும் போதுமா?

நன்கு தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவதே பலம். தகவல் அறியும் உரிமைக்கு மாநிலச் சட்டம் முதலில் வந்தது இங்கேதான், 1997-இல். நாடு முழுவதற்குமான சட்டம் 2005-இல் வந்தது. இதை எழுதும் தமிழ்வழி மாணவர்கள் வியக்கத்தக்க அளவுக்குக் குறைவு. பள்ளி உணவுக்கு 1956, 1982, 2022 என்று மூன்று கட்டங்களைக் காட்ட முடியும்: காமராசர் காலத்து மதிய உணவு, எம்.ஜி.ஆர். காலத்துச் சத்துணவு, இப்போதைய காலை உணவு. ஒரு நலத்திட்டம் ஆட்சி மாறினாலும் எப்படி நிலைக்கிறது, எப்படி விரிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

ஆனால் எல்லாக் கேள்விக்கும் சத்துணவையே பரிமாறினால் சலிப்பு வரும். நான்கைந்து வெளிச் சான்றுகளை ஆழமாகத் தெரிந்துகொள்ளுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற உழைப்பாளர், விவசாயிகள் அமைப்பு 1990-களில் நடத்திய பொது விசாரணைகள்: கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரக்கப் படித்தபோது, வேலையே செய்யாதவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது வெளியானது. கேரளம் 1996-இல் தொடங்கிய மக்கள் திட்டமிடல்: மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அரசுத் திட்டங்களை மக்களே சரிபார்க்க வழிசெய்யும் மேகாலயாவின் 2017 சமூகத் தணிக்கைச் சட்டம். பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய, நகரச் செலவை முடிவுசெய்வதில் மக்களும் பங்கேற்கும் பங்கேற்பு வரவு செலவுத் திட்டம். இவை ஒவ்வொன்றையும் இரண்டு வரியில் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருந்தால் பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்கு உதவும்.

இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த கிராம சபைக்குப் போய் உட்காருங்கள். முன்பு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்கள் நடந்தது. பிறகு மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறாகிவிட்டன. யார் பேசுகிறார்கள், தீர்மானப் புத்தகத்தில் எப்போது கையெழுத்து வாங்குகிறார்கள், வரவு செலவை யாராவது கேட்கிறார்களா என்று பாருங்கள். அரசியலமைப்பின் 243ஏ பிரிவு கிராம சபையின் அதிகாரத்தை மாநிலச் சட்டத்திடமே விட்டுவிட்டது என்ற வரியை நூறு முறை மனப்பாடம் செய்தாலும் விளங்காதது அங்கே அரை மணியில் விளங்கும். ஊரில் கிராம சபை இல்லாத நகரவாசியானால், ஒரு திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் வரலாம்.

எத்தனை குழுக்கள், எத்தனை தீர்ப்புகள் நினைவில் இருக்க வேண்டும்?

எண்ணிக்கையில் ஒன்றும் இல்லை. 'பிரகாஷ் சிங் வழக்கு, 2006' என்று மட்டும் எழுதினால் அது பெயர்ப்பலகை. காவல்துறைத் தலைவருக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம், மாநிலப் பாதுகாப்பு ஆணையம், விசாரணைப் பிரிவையும் சட்டம் ஒழுங்குப் பிரிவையும் பிரிப்பது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. மாநிலங்கள் பலவும் அதைத் தாளில் ஏற்று நடப்பில் நெகிழ்த்தின. இப்படிச் சொன்னால்தான் அது வாதம். டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் (2013) வாய்மொழி ஆணையின்படி அதிகாரிகள் செயல்படக்கூடாது என்றது உச்ச நீதிமன்றம். இடமாற்றம், அரசியல் தலையீடு பற்றிய எந்தக் கேள்விக்கும் அது பொருந்தும். இரண்டாம் நிர்வாகச் சீர்திருத்த ஆணையத்தின் 15 அறிக்கைகளில் தகவல் உரிமை பற்றிய முதலாவது, ஆளுகையில் அறம் பற்றிய நான்காவது, மக்களை மையப்படுத்திய நிர்வாகம் பற்றிய பன்னிரண்டாவது ஆகிய மூன்றையும் பரிந்துரைப் பகுதியாவது படியுங்கள்.

பழைய குறிப்பேட்டை நம்பி எழுதுவதுதான் இதில் பெரிய ஆபத்து. தகவல் ஆணையருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் என்று சட்டமே உறுதி செய்திருப்பதாக இன்றும் எழுதுகிறார்கள். 2019 திருத்தம் அதை மத்திய அரசு வகுக்கும் விதிக்கு விட்டுவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவல் தொடர்பான விலக்கை 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியிருக்கிறது. திட்டக்குழு 2015-இல் நிதி ஆயோக் ஆனது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு 2024 ஜூலை 1-இல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓரத்தில் இடம் விட்டு, மாறியதை வேறு நிற மையில் எழுதுங்கள்.

புள்ளிவிவரத்தைக் கற்பனை செய்யாதீர்கள். '87 சதவீத மக்கள் அதிருப்தி' என்று ஒருவர் எழுதியிருந்தார். எங்கிருந்து என்று கேட்டேன். 'நம்பும்படி இருக்குமே ஐயா' என்றார். நிர்வாகப் பணிக்குப் போகிறவர் சொல்லக்கூடிய பதிலா அது?

கலைச்சொற்களைத் தமிழில் எழுதினால் திருத்துபவருக்குப் புரியுமா? ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமா?

விடை முழுவதும் நீங்கள் விண்ணப்பத்தில் தேர்ந்த மொழியில் இருக்க வேண்டும். தொழில்நுட்பச் சொல்லுக்கு மட்டும் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தர விதி இடம் தருகிறது. ஒரு சொல்லுக்கு ஒரு முறை, அதுவும் ஐயம் வரும் இடத்தில் மட்டும் தந்தால் போதும். வரிக்கு வரி அடைப்புக்குறி போட்டால் விடை சல்லடையாகிவிடும்.

உண்மையான தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நெருங்கிய சொற்களை மயக்கிவிடுகிறோம். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை தனித்தனியே இயங்குவது அதிகாரப் பிரிவினை. பஞ்சாயத்துக்கு அதிகாரம் இறங்குவது அதிகாரப் பரவல். பஞ்சாயத்துக் கேள்விக்கு இரண்டு பக்கமும் 'அதிகாரப் பிரிவினை' என்றே எழுதிய தாளைத் திருத்தியிருக்கிறேன்; எழுதியவருக்கு விஷயம் தெரியும், தாளுக்குத் தெரியவில்லை. அதேபோல, பொறுப்புணர்வு மனத்தில் இருப்பது. பொறுப்புடைமை பிறருக்குக் கணக்குச் சொல்லும் கடமை. நல்ல மனம் படைத்த அலுவலருக்கு முதலாவது இருக்கும். இரண்டாவதற்குச் சட்டமும் தணிக்கையும் மேல்முறையீடும் வேண்டும். இந்த வேறுபாட்டையே ஒரு விடையின் முதுகெலும்பாக வைக்கலாம்.

சொற்களுக்கு நல்ல ஊற்று ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது: தமிழ்நாடு அரசுத் துறைகள் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்புகள். தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் அலுவலகங்களில் உண்மையில் புழங்கும் சொல் எது என்று தெரியும். தமிழ் வளர்ச்சித் துறையின் ஆட்சிச்சொல் அகராதியும் உதவும். ஒரு சொல்லைத் தேர்ந்துவிட்டால் தாள் முழுவதும் அதையே ஆளுங்கள்.

அரசைக் குறை சொல்லி எழுதலாமா?

தாராளமாக. ஆனால் ஆள் மீது அல்ல, அமைப்பின் மீது. 'அதிகாரிகள் ஊழல்வாதிகள்' என்பது டீக்கடைத் தீர்ப்பு. 'அனுமதி வழங்கும் அலுவலரே அது பற்றிய புகாரையும் விசாரிக்கும் ஏற்பாடு இருந்தால் புகார் கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்' என்பது ஆளுகை. கட்சிப் பெயர் வேண்டாம். ஒன்றிய அரசா மத்திய அரசா என்ற பட்டிமன்றமும் வேண்டாம், எதை எழுதினாலும் மதிப்பெண் அதில் இல்லை.

பத்தியாக எழுதுவதா, புள்ளி வைத்து எழுதுவதா? படம் வரையலாமா?

'இனங்காண்க' என்றால் புள்ளி, 'விவாதிக்க' என்றால் பத்தி; பெரும்பாலான நேரம் கலவை. படம் கருத்தைச் சுருக்குமானால் வரையலாம். நல்லாளுகை என்று நடுவில் வட்டம் போட்டு எட்டுப் பக்கமும் அம்பு விடுவது எதையும் சுருக்குவதில்லை.

ஒரு நாளைக்கு எத்தனை விடை எழுத வேண்டும்?

தொடக்கத்தில் இரண்டு. ஆனால் வாரத்துக்குப் பதினான்கு புதிய விடை என்று கணக்குப் போடாதீர்கள். ஏழு புதியது, ஏழு மறு எழுத்து என்று வையுங்கள். திங்களன்று எழுதியதை வியாழனன்று நீங்களே அந்நியர்போலப் படித்து, சொல்மாற்றுச் சோதனை செய்து, மீண்டும் எழுதுங்கள். முந்நூறு விடை எழுதிக் கட்டி வைத்திருந்தவரையும், எண்பது விடையை மும்மூன்று முறை எழுதியவரையும் பக்கத்துப் பக்கத்தில் பார்த்தேன். முதலாமவரின் முந்நூறாவது விடை முதல் விடை மாதிரியே இருந்தது.

முதல் ஒரு மாதம் கடிகாரம் வேண்டாம். அதன்பிறகு கடிகாரம் இல்லாமல் வேண்டாம். தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் வாரம் ஒரு முறை முழுத்தாள் எழுதுங்கள், காலை ஒன்பது மணிக்கு, அதே நாற்காலியில், எழுந்திருக்காமல். மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுதக் கை மறந்துவிட்டது என்பது முதல் வாரத்திலேயே தெரியும்.

யாரிடம் திருத்தக் கொடுப்பது? பயிற்சி மையம் இல்லாமல் முடியுமா?

முடியும். கட்டணம் வாங்கிக்கொண்டு 'நன்று, இன்னும் மேம்படுத்தவும்' என்று எல்லாத் தாளிலும் ஒரே வரியை எழுதித் தந்த இடத்துக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். அந்த வரிக்கே சொல்மாற்றுச் சோதனை வைக்கலாம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தாள் மாற்றித் திருத்துங்கள். திருத்துபவர் ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒன்றை மட்டும் எழுதட்டும்: இந்தப் பத்தி கேள்வியின் எந்தச் சொல்லுக்குப் பதில்? எழுத முடியாத பத்தியை அடித்துவிடுங்கள். தேர்வு எழுதாத ஒருவரிடமும், அம்மாவிடமோ அண்ணனிடமோ, ஒரு விடையைப் படித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்காத வாக்கியம் பெரும்பாலும் உங்களுக்கும் விளங்காததுதான்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கும் இது உதவுமா?

உதவும். அங்கே தமிழ்த் தகுதித் தாள் ஒன்று, 250 மதிப்பெண் பொது அறிவுத் தாள்கள் மூன்று. தகுதித் தாளில் 40 எடுக்காவிட்டால் மற்ற தாள்களைப் பார்க்கவே மாட்டார்கள். ஆளுகைப் பகுதியில் தமிழ்நாட்டு நிர்வாகத்தை நெருக்கமாகக் கேட்பார்கள். 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம், வருவாய் நிர்வாக அடுக்கு, மாநில நலத்திட்டங்கள் எல்லாம் விரல்நுனியில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று ஒரு சான்றிதழ் விண்ணப்பம் எந்தப் படிகளில் ஏறுகிறது என்று தெரியாமல் மின்னாளுகை பற்றி எழுதுவது அங்கே எடுபடாது.

கட்டுரைத் தாளுக்கும் இதே முறையா?

இல்லை. அங்கே மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரைகள், ஒவ்வொன்றும் ஆயிரம் சொற்களுக்கு மேல். அங்கே உங்கள் சிந்தனை நடந்து போவதைப் பார்க்க விரும்புகிறார்கள். இங்கே போய்ச் சேர்ந்ததை. சரக்கு பொதுவானது, சமையல் வேறு.

தேர்வறையில் நேரம் போதாமல் போனால்?

10 மதிப்பெண் கேள்விக்கு 7 நிமிடம், 15 மதிப்பெண் கேள்விக்கு 11 நிமிடம் என்று வைத்தால் 70-உம் 110-உம் சேர்ந்து சரியாக 180 நிமிடம். மூச்சு விட நேரம் இல்லை. ஆகவே முதல் பத்தை 65 நிமிடத்திலும் அடுத்த பத்தை 105 நிமிடத்திலும் முடிக்கப் பழகுங்கள். பத்து நிமிடம் கையில் நிற்கும். நன்றாகத் தெரிந்த கேள்விதான் நேரத்தைத் தின்னும், தெரியாத கேள்வி அல்ல. உங்களுக்குப் பிடித்த தலைப்பு வந்தால் உஷாராகுங்கள்.

அப்படியும் கடைசி ஐந்து நிமிடத்தில் இரண்டு கேள்வி மிச்சம் இருந்தால், ஒன்றை அழகாக முடிக்க முயலாதீர்கள். இரண்டுக்கும் கேள்வியின் மையச் சொல்லுக்கு நேராக மூன்று வரி, ஒரு சட்டப் பிரிவு, ஓர் எடுத்துக்காட்டு. முன்னுரை வேண்டாம். மணி அடித்தபின் எழுதாதீர்கள். கண்காணிப்பாளர் புத்தகத்தை இழுக்கும்போது மேலே மை இழுபட்டு, எழுதி முடித்த விடையும் கெட்டுப்போனதை ஒரு முறை அனுபவித்திருக்கிறேன்.